கிளெய்ம் படிவத்தில் எழுதாதது

மகளுக்கு, அத்தா எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பெட்ரோல் பங்கில், டேங்கிலிருந்து குழாயை எடுக்கும் முன்பே காரைக் கிளப்பிவிட்டேன். குழாய் அறுந்தது, காரின் தகடும் கிழிந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் இராஜபாளையம் வீட்டுக்கே வந்தார். "தவறுதலா நடந்திருந்தா காருக்கும் கிடைக்கும், பங்க்காரர் குழாய்க்கும் கிடைக்கும் பாய். வேணும்னு செஞ்சா ஒண்ணும் கிடையாது. அம்புட்டு அவசரமா ஏன் வண்டிய எடுத்தீய?" என்று கேட்டார்.

கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து வரிசையில் நீ ஸ்கூட்டியில் நின்றாய். என் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு நீ போய் நாலு வருஷம் கழித்து அன்றுதான் உன்னைப் பார்த்தேன். வண்டியில் உனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு அப்படியே உன் அம்மாவின் நெற்றி. நீ "அத்தா" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

குழாயை இழுத்துக்கொண்டு போனது தவறுதலாகத்தான். உன்னை விட்டுப் போனதையும் அப்படி எழுதக் கை வரவில்லை.

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய்?

உன் அத்தா