ஓரவஞ்சனை என்று எழுதிய மகளுக்கு

அசாம் ஜாவா
19.8.1984

அன்பு மகள் நஜீபாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் காக்காவும் சுகம், சாப்பாட்டுக் கடையும் சுகமாக ஓடுகிறது, கோத்தா பாருவில் தாதிப் பயிற்சியில் இருக்கும் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. காக்கா கல்யாணத்துக்கு வரமாட்டேன், இது ஓரவஞ்சனை என்று இரண்டே வரி. படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நம் வீட்டில் அந்தச் சொல் படாத பாடு படுகிறது, எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது கறித்துண்டு காக்கா பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் நீ ஓரவஞ்சனை என்பாய், அவன் பக்கம் எலும்பு வந்தால் அவன் ஓரவஞ்சனை என்பான், கடையில் மீன் தலை கிடைக்காத லோரிக்கார உடையப்பன்கூட ஓரவஞ்சனை லா பாய் என்று சொல்லித்தான் கை கழுவப் போவார். அந்த நினைப்பில் உன் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்து அவரையும் சிரிக்க வைத்துவிட்டேன். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த உம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். இது கறித்துண்டுக்குச் சொன்னதா, கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கையில பொண்ணுக்குக் கருகமணி கட்ட கரீமா மாமிக்குச் சொல்லி வச்சீங்களே, தேதி வைக்க பிரியாணி ஆக்குற பண்டாரிக்கிட்ட தோது கேட்டீங்க, பரீட்சை எப்பன்னு புள்ளக்கிட்ட கேட்டீங்களா என்று பிடித்துக்கொண்டாள். ஒரு பிள்ளையின் பக்கமே சாய்ந்துகொண்டு இன்னொன்றை மறந்துபோவதற்குப் பெயர்தான் ஓரவஞ்சனை என்றால், நான் செய்தது சாட்சாத் அதுதான். எனக்கு மனசே கேட்கவில்லை மகளே.

மறுநாளே சபாக்குக்கு பஸ் ஏறினேன். பெண்ணின் வாப்பா கிஃபாயத்துல்லா கோபிப்பார் என்று பயந்துகொண்டேதான் தேதியை மாற்றவேண்டும் என்றேன், அவரோ, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க, புள்ள முதல்ல நல்லா எழுதட்டும் லா என்று சொல்லித் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். உள்ளே மணப்பெண் கதீஜா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள், நஜீபா மதினி வந்து கட்டினாத்தான் கழுத்த நீட்டுவேன் என்றாளாம், அவள் உம்மாவே சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தேர்ச்சியும் தருவானாக. கல்யாணப் பத்திரிகையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை, பரீட்சை முடிவதைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீயே குறித்து எழுது. நீ எழுதுகிற நாள்தான் உன் காக்காவுக்குக் கல்யாண நாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
சீனி முகம்மது