சத்தம் குறைத்துப் பார்த்த சுறா

நேற்று கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் நம்முடைய சுறா வந்துவிட்டது, அக்கா. அதே ரப்பர் மூஞ்சி, அதே சிவப்புச் சாயத் தண்ணீர். இப்போது தமிழில் பேசவிட்டிருக்கிறார்கள். ஓடு ஓடு என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். நாம் பார்த்தபோது அந்தப் படத்துக்குச் சத்தமே கிடையாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அய்யா செத்து மூன்றாம் நாள். காமயகவுண்டன்பட்டி வீட்டில் டிவியை வேட்டி போட்டு மூடியிருந்தோம். கருமாதி முடியுமுன் எழவு வீட்டில் டிவி போட்டால் ஊர் காறித் துப்பும். சொந்தக்காரர்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தார்கள். அழுது அழுது சலித்துப்போய் நீ வேட்டியைத் தூக்கினாய், நான் சத்தத்தைக் குறைத்தேன். சுறா ஒருவனை இடுப்போடு கவ்வியதும் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"ஏலே, வாயோரம் வயரு தெரியுதுடா. இதுக்குப் போயி நடுங்குற!"

மறுநாள் இராமேஸ்வரம். அதுவரை கடலைக் கண்டவனா நான்? முல்லையாற்று வெள்ளத்தில் குதித்த வீரன், குளம்போல் கிடந்த அந்தத் தண்ணீரில் முழங்கால் நனைந்ததும் மரமாகிவிட்டேன். கையில் அய்யாவின் அஸ்திச் சட்டி.

"அக்கா, காலு எறங்க மாட்டேங்குது. அடியில ஏதோ வருது."

என் முகத்தைப் பார்த்தாய். கரையைப் பார்த்தாய். எதற்குப் பயம் என்று சொன்னால் டிவி பார்த்ததையும் சொல்ல வேண்டும். "சட்டிய இங்கன குடு" என்று வாங்கிக்கொண்டு கழுத்தளவுக்குப் போய்விட்டாய்.

கரையில் நின்ற சித்தப்பா கோபத்தில் குதித்தார். "ஆம்பளப் பிள்ள இருக்கையில பொம்பள கரைக்கிறதாக்கும்?"

"எங்கய்யாவ நாந்தேன் கரைப்பேன்னு புடுங்கிட்டேன் சித்தப்பா. அவன வையாதீக."

நான் கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அந்த வருடம் குலை வெட்டும் நேரத்தில் மழை பெய்து திராட்சையெல்லாம் வெடித்து அழுகியது. மகள் கரைத்த பாவம் என்றார்கள். முளைப்பாரிக்கு உன்னை முன்னால் நடக்க விடவில்லை. "பின்னால போனா சாமிக்குத் தெரியாமப் போயிருமாக்கும்?" என்று நீ சிரித்தாய். நான் தின்றேன், தூங்கினேன், பேசாமல் இருந்தேன்.

பல வருடம் கழித்து அதே கடலில் உன்னைக் கரைக்க உன் மகனோடு நானும் கழுத்தளவு இறங்கினேன். ஒரு மீன்குஞ்சுகூடக் காலில் முட்டவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. உன் கருமாதியன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். டிவி போட்டதை, சுறாவுக்குப் பயந்ததை, சட்டியை நானே உன்னிடம் கொடுத்ததை.

எல்லோரும் சிரித்தார்கள், அக்கா. சித்தப்பா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவ பேரக் காப்பாத்த எப்படிக் கதை கட்டுறான் பாத்தீகளா? தம்பின்னா இவந்தேன் தம்பி!"

வெள்ளத்தில் குதித்தவனாவது, ரப்பர் மீனுக்குப் பயப்படுவதாவது! ஒருவரும் நம்பவில்லை. சட்டியைப் பிடுங்கியவள் இன்றைக்கும் நீதான். எனக்குத்தான் புதிதாக ஒரு நல்ல பேர் சேர்ந்துவிட்டது.

நேற்று டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "அக்காவுக்காகப் பழிய ஏத்துக்கிட்டவுக இவுகதேன்" என்றார். டிவியில் சுறா ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் அந்தச் சுறா என்று கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்தப் பேரோடுதான் வீடு வந்து சேர்ந்தேன்.