ஏலக்கூடத்துக்கு வந்தவர்

கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் ஜன்னல் வழியே கருவாட்டு வாசம் வந்தது. எதிரே இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஹாஸ்டல் அறை ஞாபகம் வந்துவிட்டது. ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் துணிகளுக்கு நடுவில் கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துக் கொண்டுவந்து, சட்டையெல்லாம் அதே வாசமாக ஆக்கி வைத்திருப்பாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் மச்சான். நீ போன பிறகு நடந்தது.

சிதம்பரத்தில் எம்.இ. படித்த 2008-ல் நாம் சேர்ந்து எழுதிய டிசைன் கருவியைப் பற்றி வேறு யாரும் இப்போது பேசுவதில்லை. திரையில் அறைகளை வரைய வேண்டும். எந்த அறையில் யார், யாரிடம், என்ன சொல்லலாம் என்று விதி எழுத வேண்டும். பிறகு உலகத்தில் எவர் எழுதிய புரோகிராமும் அவருக்குப் பதிலாக ஏஜென்ட்டாக உள்ளே வரலாம், ஆனால் விதியை மீறி வாய் திறக்க முடியாது. மாதிரிக்கு நீ உங்கள் துறைமுகத்து மீன் ஏலத்தையே வரைந்தாய். நான் கீரப்பாளையத்துக்காரன். "நெல்லு மூட்டைய எடை போட்டுக் குடுக்கறவனுக்கு ஏலத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்று என்னை வாரினாய்.

வாங்குபவர் இரண்டு பேராவது இருந்தால்தான் ஏலம் தொடங்கும் என்பது நீ எழுதிய விதி. சோதித்தபோது கருவி சிவப்பில் எச்சரித்தது: ஒருவர் மட்டும் வந்தால் வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். சரிசெய்துவிடலாம் என்றேன். நீ விடவில்லை.

"ஆர்பர்ல மீன் எறங்கனப்புறம் ஒருத்தன் மட்டும் தனியா நின்னு பாத்திருக்கியா? நிக்கட்டும் மச்சான். இன்னொருத்தன் வருவான்."

இணையத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. "நம்ம எழுதன ஏஜென்ட்டே வந்து நம்ம மீன வாங்குனா அதுக்குப் பேரு சந்தையா? தெரியாதவன் ஒருத்தன் வரணும்டா" என்பாய். உனக்கு மார்க்கெல்லாம் ஒரு பொருட்டில்லை, அந்த ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது. நான் சென்னைக்கு வேலைக்குப் போனேன், நீ கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தாய். அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவருமே உள்ளே போய் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தோம். விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் என் தலையில் கட்டிவிட்டு நழுவுவது உன் வழக்கம்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. "சும்மா காய்ச்சல்தான், ஜாஸ்தி ஒண்ணுமில்ல" என்று போனில் சிரித்தாய். அடுத்து அதே எண்ணிலிருந்து உன் அண்ணன்தான் பேசினார்.

சர்வரை நான் நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை. போய் யாருடன் கேட்பது?

போன வாரம் ஆபீஸில் எதற்கோ அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஏலக்கூடத்தில் ஒரு ஏஜென்ட் நிற்கிறது. நான் எழுதியதில்லை, நீ எழுதியதும் இல்லை. யாரோ நம் விதிகளைப் படித்து, அதற்கேற்ப எழுதி அனுப்பியிருக்கிறார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "ஒருத்தர் வந்திருக்கார்!" என்றேன் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம். அவர் வாசலைப் பார்த்தார். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? அப்போது உன்னைத் தேடியதுபோல் உன் சாவன்றுகூட நான் தேடவில்லை.

காலையிலிருந்து அது தனியாக நின்றுகொண்டிருந்தது. கருவி சொன்னபடியே மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆளாக நான் உள்ளே போனேன். ஏலம் தொடங்கியது. ஒரு கூடை வஞ்சிரத்துக்கு, உன்னைப் போலவே விலையை ஏற்றிவிட்டு நழுவினேன். அது மீனை வாங்கிக்கொண்டு ஒழுங்காக வெளியேறியது. நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மாலையில் அந்த ஆளிடமிருந்து மெயில் வந்தது. நன்றாக இருக்கிறது, இதை யார் நடத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இனி அவர் எது கேட்டாலும் உன் பங்குக்கும் நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.