நூறு டிகிரிக்குக் கீழே

செப்டம்பர் 22, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது! அதாவது, பாதி கிடைத்துவிட்டது. பாலக்காட்டு ஆர்க்கிடெக்ட் தான் கட்டப்போகும் ரிசார்ட்டை, உள்ளே நடந்துபோய்ப் பார்ப்பதுபோல வீடியோவாகச் செய்து தரச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் ஆறாம் தேதி காலை பத்து மணிக்குள் கொடுத்தால் இனி அவர்களுடைய வீடியோ எல்லாம் எனக்கு. கொடுக்காவிட்டால்? பூபதி அண்ணன் தன் மாமனாரின் கோயமுத்தூர் ஜவுளிக்கடையில் பில் போடும் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார். "வடகரப்பதியில உக்காந்துட்டு பொட்டியத் தட்டுனா ஆச்சா நர்மதா? இந்த ஒரு வேலையப் பாரு. ஆகலீன்னா பேசாம கெளம்பி வந்துரு."

பேசாமலா? நானா?

செப்டம்பர் 25

கணக்கு உதைக்கிறது. எங்கள் வீட்டில் மலையாளத்து வழக்கமும் உண்டு. ரிசார்ட்டை வடிவமைத்து முடிக்கவே அஷ்டமி ஆகிவிடும்; அன்று பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டரை விஜயதசமி காலையில்தான் எடுப்போம். அதனால் ரெண்டர், அதாவது வீடியோவின் ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிப்பது, இரண்டாம் தேதிதான் தொடங்கும். சாதா வேகத்தில் போனால் ஆறாம் தேதி ராத்திரி ஆகிவிடும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை விரட்டியே ஆக வேண்டும். விரட்டினால் கொதிக்கும். நூறு டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். அப்புறம் விரட்டி என்ன பிரயோசனம்?

வேகத்தை 4.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். 98 டிகிரி. சனியனே.

செப்டம்பர் 27

வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டது. சரி, ஒரு துளி திரும்ப ஏற்று. ஓடுகிறது! முழுச் சுமையில், அதே 4.8-இல், 84 டிகிரி!

யாரிடம் சொல்ல? அப்பா தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் "எம்பத்தி நாலுங்கப்பா!" என்றேன்.

"மார்க்கா கண்ணு? பரவால்லையே" என்றார்.

செப்டம்பர் 30

அஷ்டமி. அம்மா கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி அறையில் வைத்துவிட்டாள். "ஒரே ஒரு நாள் ஓட்டிக்கறேனே ம்மா." "உனக்குச் சோறு போடப்போற பொட்டி. அதைய வெக்காம வேற எதைய வெக்கறது?"

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பொரி தின்றேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 2, விஜயதசமி

காலையில் கும்பிட்டு எடுத்து ரெண்டரை ஓடவிட்டேன். பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால் — 99. வேகம் 3.9-க்கு விழுந்து கிடக்கிறது. ஐயோ. ஐயோ ஐயோ. அன்றைக்கு 84 காட்டினதெல்லாம் பொய்யா?

மதியம். கூலரைக் கழற்றி, பிராசஸரின் சூட்டை இழுக்கிற பேஸ்ட்டைப் புதிதாக வைத்தேன். 99. விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். 98. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். எரிந்து விழுந்தேன். பாவம் அவள். பில் போடத்தான் பிறந்தேனா?

சாயங்காலம். எழுத எழுதச் சிரிப்பு வருகிறது. பக்கத்து மூடியைத் திறந்தால் சூடு கொஞ்சம் இறங்குகிறது, மாட்டினால் ஏறுகிறது. அப்படியென்றால் உள்ளே காற்று வரவில்லை! முன்னால் குனிந்து பார்த்தேன். காற்று போகிற வலைக்கதவு முழுக்க அம்மா சந்தனத்தைப் பட்டைபட்டையாக அப்பியிருக்கிறாள். ஓட்டையெல்லாம் அடைத்து, சுவர்ப்பூச்சு மாதிரி காய்ந்திருக்கிறது. நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். காலையிலிருந்து அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்! டிராக்டரில் இருக்கிறது, தராசில் இருக்கிறது, மோட்டார் ரூம் கதவில் இருக்கிறது. பூஜைச் சந்தனத்தை இந்த வீட்டில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஈரத்துணியோடு போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "தசமியன்னைக்குச் சாமி சந்தனத்தத் தொடைப்பியா? அறிவிருக்குதா உனக்கு?"

"தொடைக்காட்டி நான் கோயமுத்தூருல பில்லுதான் போடோணும்."

அம்மா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்தக் கதவு களண்டு வருமா?" என்றாள்.

இழுத்தேன். வந்தது! அதை இரண்டு கையிலும் வாங்கி, ஒரு துளி உதிராமல் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பெட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. 78 டிகிரி. எழுபத்தெட்டு! சந்தனம் இல்லாத கதவு போட்டிருந்தபோதுகூட இவ்வளவு இறங்கியதில்லை. இழந்த பகலைப் பிடிக்க வேண்டுமே — 5.0-க்கு ஏற்றினேன். 83-இல் நின்றது. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "உடு, உடு, அடுப்புல பாலு" என்றாள்.

அக்டோபர் 5

82. 83. 82. சமையலறையிலிருந்து அம்மா மணிக்கொரு தரம் கேட்கிறாள்: "இப்ப எத்தன கண்ணு?"

அக்டோபர் 6, திங்கள்

முடிந்தது!! எட்டரைக்குக் கடைசிப் படம், ஒன்பதரைக்கு அனுப்பியாயிற்று. மத்தியானம் ஆர்க்கிடெக்ட் கூப்பிட்டார். ரிசார்ட்காரர்கள் இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்களாம். அடுத்த வேலையின் வரைபடங்கள் வியாழக்கிழமை வருகின்றன. ஜெயித்துவிட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஜெயித்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு அண்ணன் வந்திருக்கிறார். வந்ததிலிருந்து என் அறை வாசலில் நின்று நின்று போனார். கடைசியில் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"கடைக் கம்ப்யூட்டரு கூட்டம் வந்தாப் போதும், சூடாகி நின்னுருது நர்மதா. ஒரு நட வந்து பாத்துக் குடுக்கறியா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கையில ரெண்டு வேல இருக்குதுங்ணா. பொட்டிய இங்க எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தேதி பார்த்தார்.

"என்னைக்குக் கொண்டாரட்டும்?" என்றார்.