பதினேழு பேரை நீ எழுதவில்லை

கிளிஞ்சல்மேடு,
14.5.2006

அன்பு மகன் அருள்மணிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை, மனதைப் பற்றிக் கேட்காதே. புனேயில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் கையெழுத்தைப் பார்த்தாலே தூக்கம் கெட்டவன் எழுதினது என்று தெரிகிறது. இங்கே மீன்பிடித் தடைக்காலம், அப்பா வலையைப் பிரித்துப் போட்டுச் சீர்பார்க்கிறார்.

நீச்சல்குளத்தில் இறங்குவதையே விட்டுவிட்டேன், போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கின அந்த ஹவாய்த் தீவுக்காரர், படகு கவிழ்ந்தபோது அலைமேல் சறுக்குகிற பலகையோடு பாய்ந்து எட்டுப் பேரைக் கரைசேர்த்தாராம், நானோ சுனாமியில் தங்கச்சி அல்லி போகும்போது புனேயில் மெடலோடு நின்றேன் என்கிறாய். சோமசேகரன் வாத்தியாரிடம் அந்தத் தீவுக்காரர் கதையை முழுசாக விசாரித்துச் சொல்லச் சொன்னேன். முதல் தங்கத்துக்குப் பிறகு உலகப்போர் வந்து அடுத்த ஒலிம்பிக்கே நடக்கவில்லையாம், எட்டு வருஷம் பொறுத்திருந்து முப்பது வயதில் மறுபடி ஜெயித்தாராம், அதற்கடுத்து ஓர் இளவட்டத்திடம் தோற்றாராம். படகு கவிழ்ந்தது அதற்கும் பின்னால். அன்றைக்குப் பதினேழு பேர் செத்துப்போனார்கள் அருளு, அதை நீ எழுதவில்லை. அவ்வளவு பெரிய நீச்சல்காரர் அந்தத் தண்ணீரிலேயே இருந்தும் பதினேழு பேர். நீ இருந்தால் அல்லி பிழைத்திருப்பாள் என்று எந்தச் சாமி உன்னிடம் சொன்னது? அவர் அதற்கப்புறமும் கடலை விடவில்லையாம்.

நம் தெருவில் பெண்பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிற வழக்கமே இல்லை, கடலுக்குப் போகிற ஆம்பிளைக்கு மட்டும்தான். இப்போது பூவாயி வந்து, எங்க புள்ளைவளுக்கும் சொல்லிக்குடுங்கண்ணே என்று அப்பாவைக் கேட்டாள். அவரும் அவள் மகளை ஆற்றில் இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு காலடிக்க வைத்தார். பிள்ளை நன்றாக மிதக்கிறாள், கைய விடுங்க மாமா, நானே போறேன் என்கிறாள், அவரால் விட முடியவில்லை. கரையேறி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அல்லி அவர் கையிலிருந்துதான் நழுவினாள் அருளு. நீ தாங்கமாட்டாய் என்று இதுவரை சொல்லவில்லை. நீ நீச்சலை விட்டதைக் கேட்டதிலிருந்து, அவன் என்னைத்தான் தண்டிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நூறு வயது நன்றாயிரு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மறக்காதே. லீவு சொல்லிவிட்டு ஒரு தடவை வந்து அப்பாவோடு ஆற்றில் இறங்கு. அவர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், விட வேண்டிய நேரத்தில் நீ விடு.

இப்படிக்கு
உன் அம்மா,
மா. நீலாயதாட்சி