அஞ்சு முடிச்சு மூட்டை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்கறதுதான் எப்பவும் நெனப்பு. நீ அனுப்பின போட்டோவுல கழுத்தெலும்பு எட்டிப் பாக்குது, ஆராய்ச்சி பண்றவங்க சோறு திங்கக் கூடாதுன்னு சட்டமா என்ன. அக்காவுக்குப் பக்கத்துலயே மாத்தல் கிடைச்சிருச்சு, இனி வாராவாரம் வந்து என்னை அதட்டலாம்னு அவளுக்கு ஒரே கொண்டாட்டம். அதெல்லாம் கிடக்கட்டும். மூணு நாளா உன் போன் அணைஞ்சே இருக்கு, அதான் கூரியர்ல அனுப்பறேன். கவர்ல ஒரு கறுப்புத் துண்டு இருக்கும், குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதே.

நீ அன்னைக்குச் சொன்னது எனக்கு மனப்பாடம். பிளாஸ்டிக்கோட நானோ தூளைச் சரியாக் கலந்தா இரும்புக்குச் சமமா நிக்கும், உடைஞ்சதை அரைச்சு உருக்கித் திரும்ப வார்க்கலாம், ஆனா அஞ்சு தடவைதான், அதுக்கு மேல தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும், பிளாஸ்டிக்குக்கும் தெம்பு போயிடும்னு சொன்னே. மத்த பிளாஸ்டிக்னா உருக்க உருக்க மஞ்சளாகிக் காட்டிக் குடுத்துடும், உன்னோடது எத்தனை தடவை ஆனாலும் அதே கறுப்பு. அதனாலதான் உன் கலவையில ஏணி வார்க்கற ஃபாக்டரியில அரவைப் பக்கம் வேலை பாக்கற நான், ஒவ்வொரு தடவை அரைச்சதும் மூட்டை வாயில சிவப்பு நூல்ல ஒரு முடிச்சுப் போட்டு வெச்சேன். அஞ்சு முடிச்சு விழுந்தா ஏணிக்குப் போகக் கூடாது, பூந்தொட்டிக்குத்தான். நீகூட பலே அம்மான்னு பாராட்டினே.

அந்தப் பலே அம்மா என்ன பண்ணினா தெரியுமா? போன மாசம் சாக்குத் தட்டுப்பாடு, காலியாக் கிடந்த பழைய சாக்குலயே அரைச்சதைக் கொட்டிட்டேன். சாக்கு வாயில பழைய முடிச்சு அப்படியே இருந்துச்சு. அஞ்சு தடவை உருகினதெல்லாம் ஒத்தை முடிச்சுச் சாக்குல ஏணிக்குப் போயிருச்சுடி. மூணு நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. அந்தச் சாக்குல வார்த்து ஒதுக்கிப் போட்ட ஒரு ஏணிப்படியை எடுத்து ரெண்டு செங்கல்லு மேல வெச்சு ஏறி நின்னேன். முன்னெல்லாம் கொஞ்சம் வளையும், வெளுக்கும், இறங்குடான்னு சொல்லும். இது ஒண்ணும் சொல்லலை, படார்னு போயிருச்சு. அந்தத் துண்டுதான் கவர்ல இருக்கு. மேனேஜர்கிட்ட ஓடினேன். அவரு ஒரு தாளை நீட்டி, இந்தக் கலவை ஏணிக்குத் தாங்கும்னு உங்க பொண்ணே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களே, உங்களுக்கு ஏம்மா இந்த வேலைன்னுட்டாரு. எரநூறு ஏணி லாரி ஏறிப் போயாச்சு.

அதுல ஒண்ணை ஃபாக்டரியிலயே அப்பாவுக்குப் பரிசாக் குடுத்தாங்க. மனுஷனுக்குத் தலைகால் புரியலை. மூணு மாடிப் பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்கற வேலை, தினமும் அதுலதான் ஏறறாரு. கீழ நிக்கறவங்ககிட்ட எம்பொண்ணு செஞ்ச ஏணின்னு சொல்லி, மேல்படியில நின்னு ஒரு குதி வேற. சாக்கு விஷயத்தைச் சொன்னேன், முடிச்சு எண்ணத் தெரியாதவ எம்பொண்ணு படிப்பைக் குறை சொல்ல வந்துட்டாளாம். ஏணியைக் கொல்லைப் பக்கம் ஒளிச்சு வெச்சேன், கண்டுபிடிச்சு எடுத்துட்டாரு.

உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் கண்ணு. போன வாரம் போன்ல, அந்த ஏணி தாங்குமாடின்னு மட்டும் கேட்டேன். என் தப்பைச் சொல்ல வெக்கமாப் போச்சு. நீயும் சிரிச்சுக்கிட்டே, யானையே ஏறலாம்மா, பயப்படாதேன்னே. பக்கத்துல உக்காந்து அப்பா அதைக் கேட்டுட்டாரு. அதுலருந்து நான் எது சொன்னாலும், சின்னவ சொல்லிட்டா, அப்புறம் என்னன்னு ஒரே பேச்சு.

நீ நோய்நொடி இல்லாம நல்லா இருப்பே, ஒரு குறையும் வராது உனக்கு. தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ. மேனேஜருக்கு நீயே எழுது, எந்தப் பழியா இருந்தாலும் என் மேல போடு. ஆனா அதுக்கு முன்னாடி, கவரைப் பிரிச்ச கையோட அப்பாவுக்குப் போன் பண்ணு. அவரு இன்னிக்கும் காலைலயே ஏணியைத் தோள்ல தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு. நான் சொன்னா இறங்க மாட்டாரு, நீ சொன்னா இறங்குவாரு.

இப்படிக்கு,
உன் அம்மா