அடுப்பருகே வைத்த மோட்டார்

வடக்கு நார்வே,
மார்ச் 3

மைமு,

முழங்கால் வலி குறைந்ததா? பனி உருகும்வரை கிணற்றடிக்குத் தனியாகப் போகாதே. எனக்கு இருமல் நின்றுவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. ஒரு மீனவரின் படகு மோட்டார் கடலில் விழுந்து, மூன்றாம் நாள் கிடைத்ததாம். படகிலேயே ஊர் ஊராகப் போய்ப் பழைய மோட்டார் வாங்கிப் பழுதுபார்க்கும் எங்களிடம் விற்கக் கூப்பிட்டார். இதைப் பிரித்து ஓடவைத்துவிட்டு, இதுவே கடைசி என்று நம் தீவுக்கு, சாரெமாவுக்கு, திரும்பிவிட நினைத்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், மனுஷர் அதை வீட்டுக்குள் அடுப்பருகே நிறுத்தி, பத்து நாளாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒரே துரு, பிஸ்டன் அசையவில்லை.

"தண்ணித் தொட்டியிலயே முக்கி வெச்சிருந்தா பொழைச்சிருக்கும்யா. காத்துப் பட்டா துரு தின்னுரும்னு தெரியாதா?" என்றார் என் கூட்டாளி ஒட்வார்.

"நனைஞ்சு கிடந்துச்சே, பாக்கப் பாவமா இருந்துச்சுப்பா" என்றார் மீனவர்.

"ஆமா, பாசத்தைக் காட்டியே கொன்னுட்ட."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

விரல் மூடாத கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. கருப்பு ரொட்டியும். உன் தலையணை உறை ஒன்று வை, துவைக்க வேண்டாம்.

தபால் படகு ஊதிவிட்டது. அடுப்பருகே எனக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். பதினொரு வருடமாகத் தண்ணீரிலேயே கிடக்கிறேன், மைமு. அந்த நாற்காலியை எடுத்துவிடு.

தாவெட்